பெலிசாரியோவின் சாவுக்கு வந்தவர்கள்

ஜன்னலுக்குக் கீழே திடீரென்று எக்காளம் முழங்கியதில், எவாரிஸ்தோ பினில்லா கையிலிருந்த காப்பியைத் தன் டையின் மேலேயே கவிழ்த்துக்கொண்டார்.

முதலில் ஒரு எக்காளம். பிறகு இன்னொன்று. அப்புறம் பெரிய முரசு ஒன்று, அடிவயிற்றில் போய் உட்காருகிற மாதிரி நிதானமாக அடித்தது. சந்தேகமே இல்லை. சாவு வாத்தியம்.

"யோலாந்தா, யாரும்மா செத்துட்டாங்க?"

அவருடைய செயலாளர் யோலாந்தா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தாள். "நம்ம தோன் பெலிசாரியோதான் டாக்டர்."

பொகோத்தாவில் டை கட்டிய எல்லாருமே டாக்டர்தான். ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மரியாதைக்குரிய ஆண் என்றால் 'தோன்', பெண் என்றால் 'தோன்யா'.

"அவரு ராத்திரிதானே சாகணும்?"

"ஜனங்க முன்னாடியே வந்துட்டாங்க போல."

எவாரிஸ்தோ எட்டிப் பார்த்தார். மலையிலிருந்து இறங்கிய பனி தெருவில் பாதியை அழித்துவைத்திருந்தது. மிச்சமிருந்த பாதியில் கறுப்பு உடுத்திய பெண்கள். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்த ஆண்கள். கைகொள்ளாத வெள்ளை லில்லிப் பூக்கள். ஆட்களைவிடப் பூக்கள்தான் தெளிவாகத் தெரிந்தன. அவை தாமாகவே பனியில் மிதந்து வந்து வாசலில் நிற்பதுபோல் இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அவசரமாகத் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

தோன் பெலிசாரியோ அராஸோலா என்று உலகத்தில் யாரும் கிடையாது. நெவாதோ தொலைக்காட்சியில் தினம் இரவு எட்டு மணிக்கு வரும் தொடரில் அவர் ஒரு காப்பித் தோட்டத்து முதலாளி. அந்த வெள்ளிக்கிழமை இரவு, மூன்றாவது மருமகள் கொடுக்கும் சூடான சாக்லேட்டைக் குடித்து விஷமேறிச் சாக வேண்டியவர். அந்தச் சாவை ஊர் முழுக்க ஆவலோடு எதிர்பார்க்கச் செய்ய வேண்டியது எவாரிஸ்தோவின் பொறுப்பு. அவர்தான் நெவாதோவின் விளம்பர மேலாளர்.

முப்பது வருட உத்தியோகம். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, 'இன்று இரவு லுசெரோவுக்குக் கண் பார்வை திரும்புமா?' என்று தெருத்தெருவாகக் கத்தியதில் தொடங்கியது. கத்திக் கத்தி அறைக்குள் வந்தார். அறைக்கு ஜன்னல் வந்தது. ஜன்னலுக்குத் திரைச்சீலை வந்தது. உபதலைவர் பதவி மட்டும் வரவேயில்லை. ஒருமுறை காதல் தொடர் ஒன்றுக்காக வீடு உயரத்துக்கு இதய வடிவில் பலூன் பறக்கவிட்டார். அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் கன்னியாஸ்திரீகள் மடத்தின் கூரையில் உட்கார்ந்துவிட்டது. 'என்னை மறவாதே, ரொட்ரீகோ' என்று எழுதியிருந்த அந்தப் பலூனால் மடத்துக்குள் என்னென்ன விசாரணை நடந்ததோ, அவருக்குப் பதவி உயர்வு அன்றோடு நின்றுபோனது.

இப்போது புதிதாக ஒரு தலைவர். மெதெயினிலிருந்து வந்த எச்செவெரி. எதையும் வரைபடமாகப் பார்த்தால்தான் நம்புகிற மனிதர். திங்கட்கிழமை எவாரிஸ்தோவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"பினில்லா, வெள்ளிக்கிழமை மதியம் வர்றேன். இந்தத் தொடருக்காக ஊர்ல ஒரு ஆளாச்சும் அசைஞ்சான்னு காட்டுங்க. இல்லேன்னா உங்க அறையில ஒரு கம்ப்யூட்டரை வெச்சுடலாம்னு இருக்கேன். அது பலூன் விடாது."

"காட்டுறேன் ஐயா."

"இன்னொன்னு. ஜனங்களை ஏமாத்தினோம்னு பத்திரிகையில ஒரு வரி வந்தாலும் உங்க சீட்டு கிழிஞ்சது."

இந்தப் பேச்சு லிஃப்டில் கீழே இறங்குவதற்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. வாசலில் தள்ளுவண்டியில் பிளாஸ்க் வைத்துக் காப்பி விற்கும் தோன்யா எர்சிலியாகூட அன்று மாலை, "என்ன டாக்டரு, முகம் பிழிஞ்ச எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு" என்று கேட்டு, கேட்காமலே ரெண்டு சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தாள்.

அந்தச் சர்க்கரையில்தான் யோசனை பிறந்தது. நாளிதழின் மரண அறிவிப்புப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு. கறுப்புக் கட்டம், மேலே சிலுவை, 'தோன் பெலிசாரியோ அராஸோலா ஆண்டவரில் துயில் கொண்டார். இறுதி அஞ்சலி: வெள்ளி இரவு எட்டு மணி. இடம்: உங்கள் வீட்டுக் கூடம்.' பார்க்கிறவர் ஒரு கணம் திடுக்கிட்டு, அடுத்த கணம் சிரித்து, இரவு டிவியைப் போடுவார். எவாரிஸ்தோ அதை எழுதி முடித்துவிட்டுத் தானே நாலு தடவை படித்து ரசித்தார்.

இப்போது அந்த நாளிதழை மேஜையில் விரித்துப் பார்த்தபோது கண் இருட்டியது. 'இடம்: நெவாதோ தொலைக்காட்சி வளாகம்.' நேரம் இருந்த இடத்தில், 'காலை முதல்.'

பத்திரிகைக்குப் போன் போட்டார். மரண அறிவிப்புப் பிரிவுப் பெண்மணி அனுதாபம் சொட்டும் குரலில் பேசினாள்.

"சார், முதல்ல என் வருத்தத்தைத் தெரிவிச்சுக்குறேன்."

"வருத்தம் இருக்கட்டும். இடத்தை யாரு மாத்தினது?"

"நான்தான் சார். வீட்டுக் கூடம்னு போட்டா எந்த வீடுன்னு ஜனங்க எங்க போய்த் தேடுவாங்க? எங்க பக்கத்துல முகவரி இல்லாம சாவு போடுறதில்லை. உங்க பில்லுல இருந்த முகவரியைப் போட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு யாரும் அடக்கம் பண்ண மாட்டாங்களே, துக்கத்துல குழம்பிட்டீங்கன்னு அதையும் திருத்திட்டேன்."

"அவரு சாகவே இல்லைம்மா."

"அப்படித்தான் சார் இருக்கும். எங்க அப்பா போனப்ப நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்."

எவாரிஸ்தோ போனை வைத்துவிட்டுப் படியில் ஓடினார். மதியம் எச்செவெரி வருவதற்குள் தெரு காலியாக வேண்டும். ஏமாந்த ஜனங்கள் லில்லிப் பூவோடு நிற்பதை அவர் பார்த்தால், கம்ப்யூட்டர் திங்கட்கிழமை வரைகூடக் காத்திருக்காது.

வாசலில் முன்வரிசையில் நின்ற பருத்த பெண்மணி கறுப்புச் சால்வை போர்த்தியிருந்தாள். பாலோகேமாவோ சந்தையில் பூக்கடை வைத்திருக்கும் தோன்யா குஸ்தோதியா என்று பின்னால் தெரிந்தது. அப்போதைக்கு, கூட்டத்திலேயே மிகச் சத்தமாக அழுகிறவள் என்பது மட்டும் தெரிந்தது.

"அம்மா, அழாதீங்க. தப்பு நடந்துபோச்சு. தோன் பெலிசாரியோ வெறும் நாடகப் பாத்திரம். நிஜமில்லை."

குஸ்தோதியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கை பூத்தண்டு மாதிரிச் சில்லென்று ஈரமாக இருந்தது.

"சொல்லு ராசா, சொல்லு. மனசுல இருக்குறதைக் கொட்டிரு."

"கொட்டுறதுக்கு ஒண்ணுமில்லைம்மா. அவரு இன்னும் சாகலை."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அவரை இழுத்து அணைத்துக்கொண்டாள். லில்லி மகரந்தம் அவர் மூக்கிலும் சட்டையிலும் அப்பியது. அவள் விட்டதும் அடுத்தவர் அணைத்தார். "உங்க துக்கத்துல நானும் பங்கு டாக்டர்." அவர் விட்டதும் இன்னொருவர். விளக்கம் சொல்லப் போனவர் நடுவில் நிற்க, துக்கம் விசாரிக்கும் வரிசை அவரைச் சுற்றி வளைந்து தெருமுனை வரைக்கும் நீண்டுவிட்டது. அந்தப் பக்கமாகப் போன பஸ்ஸிலிருந்து நான்கு பேர், வரிசை என்றால் ஏதோ கொடுக்கிறார்கள் என்று இறங்கி, விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர்களும் நின்றார்கள்.

எர்சிலியா எல்லாருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எர்சிலியா, நீயாவது சொல்லக் கூடாதா? உனக்குத்தான் தெரியுமே, இது நாடகம்னு."

"நான் சொன்னா கேட்குற கூட்டமா டாக்டரு இது? நீங்க ஒரு காப்பி குடிங்க. துக்க வீட்டுல காசு வாங்க மாட்டேன்."

எவாரிஸ்தோவுக்கு அடுத்த யோசனை வந்தது. செத்தவரையே கொண்டுவந்து உயிரோடு நிறுத்திவிட்டால்?

பெலிசாரியோவாக நடிக்கும் லிசாந்த்ரோ பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தார். சாகடிக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து சேனல் ஆட்களோடு பேச்சு வார்த்தையில்லை. போனில் எவாரிஸ்தோ கெஞ்சினார்.

"வந்து, உயிரோடதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"உயிரோடதான் இருக்கேன்னு நான் ஒரு மாசமா சொல்றேன். கதாசிரியர் கேட்டாரா?"

ஆனாலும் வந்தார், செருப்பும் பழைய ஸ்வெட்டருமாக. மீசையில்லாத, வழுக்கைத் தலையோடு நின்ற அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், "தம்பி, வரிசையில வாங்க" என்றார். லிசாந்த்ரோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய் மீசை, முடி, வெள்ளைத் தொப்பி எல்லாம் வைத்துக்கொண்டு, வெள்ளிப் பூண் போட்ட பிரம்போடு வாசல் படிக்கட்டில் தோன்றினார். அந்த நேரம் பார்த்துப் பனி கொஞ்சம் விலகியது.

வாத்தியம் நின்றது.

"பார்த்துக்கோங்க" என்றார் எவாரிஸ்தோ. "உயிரோட இருக்காரு. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

குஸ்தோதியா சால்வையை இறுக்கிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெட்டைப் பிறவி" என்றாள்.

"என்னம்மா?"

"கூடப் பொறந்தவன். இத்தனை நாளா எங்கேயோ இருந்துட்டு, அண்ணன் கண்ணை மூடினதும் தோட்டத்துல பங்கு கேட்க வந்துட்டான் பாரு."

கூட்டம் முழுக்க முணுமுணுத்தது. யாரோ ஒருவர் லிசாந்த்ரோவின் மேல் ஒரு லில்லியை வீசினார். நியாயமாகப் பார்த்தால் லிசாந்த்ரோ மறுத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மாதமாகத் தன் சாவை எண்ணித் தூங்காத மனிதர் அவர். இரட்டைச் சகோதரன் என்ற சொல் காதில் விழுந்ததும் முகத்தில் ஒரு ஒளி பரவியது. பிரம்பை ஊன்றிக்கொண்டு இரண்டு படி இறங்கி வந்தார்.

"ஆமாம். நான்தான் பெலிசாரியோவின் தம்பி" என்று கணீரென்று தொடங்கினார். "அமேசான் காட்டிலிருந்து வருகிறேன்."

"லிசாந்த்ரோ, என்னய்யா பண்றே?" என்று எவாரிஸ்தோ பல்லைக் கடித்தார்.

"வேலையைக் காப்பாத்திக்கிறேன்" என்று உதடு அசையாமல் பதில் சொல்லிவிட்டு, அண்ணனின் நல்ல குணங்களை அடுக்கத் தொடங்கினார். கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. சாவு வாத்தியக்காரர்கள் பின்னணி இசை கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மதியம் நெருங்கிவிட்டது. எவாரிஸ்தோ தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். சாவு வீட்டுக் கூட்டம் எப்போது கலையும்? அடக்கம் முடிந்தால் கலையும். அப்படியானால் அடக்கம் செய்துவிட வேண்டியதுதான். உள்ளே ஸ்டூடியோவில், இரவு ஒளிபரப்பாகப்போகும் காட்சிக்காகப் போட்ட மாதாகோயில் செட் இன்னும் பிரிக்கப்படவில்லை. சவப்பெட்டியும் அங்கேயே இருந்தது. ஒரு ஜெபம், ஒரு பாட்டு, பின்கதவு வழியாக எல்லாரையும் அனுப்பிவிட்டால் எச்செவெரி வரும்போது தெரு துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

"எல்லாரும் உள்ள வாங்க. அஞ்சலி செலுத்திட்டுப் போயிரலாம்."

"பெரியவரு வந்துட்டாரா?" என்று கேட்டாள் குஸ்தோதியா.

"எந்தப் பெரியவர்?"

"பெரியவங்க யாராச்சும் வருவாங்கள்ல. வராம எப்படி ஆரம்பிக்கிறது?"

"அதெல்லாம் வேண்டாம்மா. வாங்க."

கனவுக் காட்சிக்கு வைக்கும் புகை இயந்திரத்தை யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள். ஸ்டூடியோ முழுக்க முழங்கால் அளவுக்கு வெண்புகை மிதந்தது. அதற்கு மேலே அட்டையில் செய்த தூண்கள், துணியில் வரைந்த வானம், அதில் ஒருபோதும் நகராத ரோஜா நிற மேகங்கள். கறுப்பு உடைக் கூட்டம் அதற்குள் மெல்ல நடந்து வந்தபோது யாருக்கும் கால் இல்லாத மாதிரி இருந்தது. லில்லி வாசனையும் மெழுகு வாசனையும் சேர்ந்து தலைக்குள் இனிப்பாக ஏறின.

எவாரிஸ்தோவுக்குத் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வந்தது.

"நீதான் ராசா பேசணும்" என்றாள் குஸ்தோதியா. "உன்னைவிட அவருக்கு நெருங்குனவங்க யாரு?"

சுருக்கமாக இரண்டு வரி சொல்லிவிடலாம் என்றுதான் சவப்பெட்டியின் அருகே போனார். "தோன் பெலிசாரியோ ஒரு நல்ல மனுஷர்" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெட்டியைப் பார்த்தார். ஏழு வருடமாக இந்த மனிதரைச் சுவரொட்டியாக ஒட்டியிருக்கிறார். அவருடைய இரண்டாவது கல்யாணத்துக்கு ஊர் முழுக்கக் கேக் கொடுத்திருக்கிறார். அவர் மகன் காணாமல் போனபோது பேருந்துகளில் எல்லாம் படம் ஒட்டியிருக்கிறார். தன் சொந்தக் கல்யாண நாளை மறந்த வருடங்களில்கூடப் பெலிசாரியோவின் பிறந்தநாளை மறந்ததில்லை.

"காலையில நான் எழுந்திருக்கிறதே உங்களுக்காகத்தான் இருந்துச்சு" என்று பெட்டியிடம் சொன்னார். "ஜனங்க மறந்துருவாங்களோன்னு பயந்து பயந்து, கத்திக்கிட்டே இருந்தேன். நீங்க போயிட்டா நான் யாரைப் பத்திக் கத்துவேன்?"

குரல் உடைந்துவிட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கூட்டமும் விசும்பியது. எர்சிலியா மூக்கைச் சிந்தினாள். இரட்டைச் சகோதரரும் அழுதார். பெட்டிக்குள் போகவேண்டியவர் அவர்தான் என்பதால் அவருக்குக் கூடுதல் துக்கம்.

புகைக்குள் யாரோ நடந்து வருவது தெரிந்தது. கையில் தொப்பி. தலைவர் எச்செவெரி.

எவாரிஸ்தோவின் கண்ணீர் சட்டென்று நின்றது.

எச்செவெரி நேராக வந்து அவர் தோளில் கை வைத்தார். "பினில்லா, எனக்கு ஏன் யாரும் சொல்லலை? இத்தனை பேரு நேசிச்ச மனுஷர். எந்தப் பிரிவுல வேலை பார்த்தாரு?"

பின்னால் நின்ற யோலாந்தாவுக்கு இருமல் வந்துவிட்டது.

கணக்குப் பிரிவு என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருக்கலாம். முப்பது வருடத்தில் எவ்வளவோ அவிழ்த்துவிட்டவர்தான். ஆனால் அந்த ரோஜா நிற மேகத்துக்குக் கீழே நின்று பொய் சொல்ல எவாரிஸ்தோவால் முடியவில்லை.

"ஐயா, அவரு நம்ம எட்டு மணித் தொடர்ல வர்றவரு. நிஜ ஆளு இல்லை. நீங்க பார்த்ததில்லையா?"

எச்செவெரியின் காது சிவந்தது. "நான் டிவி பார்க்குறதில்லை. தலை வலிக்கும்." பிறகு மெதுவாகத் திரும்பினார். "அப்ப இந்த ஜனங்க?"

"நம்பிட்டாங்க ஐயா. அறிவிப்புல முகவரி தப்பாப் போச்சு. காலையிலேர்ந்து அனுப்பிவைக்கப் பார்க்குறேன், போக மாட்டேங்கறாங்க. தப்பு என்னோடதுதான்."

அந்த நொடியில் குஸ்தோதியா, "ஐயோ என் பெலிசாரியோ, இனி யாரை நம்பி எட்டு மணிக்கு விளக்கை அணைப்பேன்" என்று அலறிக்கொண்டு சவப்பெட்டியின் மேல் விழுந்தாள். அட்டைத் தூண் ஒன்று ஆடியது. பின்னாலிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்து அவளுக்கு விசிறினார்கள்.

எச்செவெரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். புகையாலோ என்னவோ, அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"ஏமாத்தினோம்னு சொல்றீங்க. அந்தம்மாகிட்டப் போய், நீ ஏமாந்துட்டேன்னு சொல்லிப் பாருங்க பார்க்கலாம்." தொப்பியை இரண்டு கையாலும் சுழற்றினார். "என் வரைபடம் அத்தனையும் சேர்ந்து ஒருத்தியைக்கூட இப்படி அழவெச்சதில்லை, பினில்லா."

அப்புறம் எவாரிஸ்தோவின் காதுக்கருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "திங்கக்கிழமை என் பக்கத்து அறைக்கு வந்துருங்க. உபதலைவர்னு கதவுல எழுதச் சொல்றேன்."

சவப்பெட்டிக்கு ஒருமுறை தலைவணங்கிவிட்டுப் புகைக்குள்ளேயே நடந்து மறைந்தார்.

எவாரிஸ்தோ நின்ற இடத்திலேயே நின்றார். கால் தரையில் இருக்கிறதா என்று தெரியவில்லை; புகை மறைத்திருந்தது. உபதலைவர். இவ்வளவு வருடம் ஒலிபெருக்கியோடு கத்தியது கடைசியில் மனிதர்களின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. ஒரு ஊரையே கனவு காண வைத்திருக்கிறார். சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தின் நடுவே சின்னதாக ஒரு முள்ளும் இருந்தது. பாவம், இந்த ஏழை ஜனங்கள். கடையை விட்டுவிட்டு, விற்கிற பூவையெல்லாம் அள்ளிக்கொண்டு, இல்லாத ஒரு மனிதனுக்காக நெஞ்சு வெடிக்க அழுதிருக்கிறார்கள். அதன் மேல் ஏறி நின்று அல்லவா பதவி வாங்கியாயிற்று.

போய்க் குஸ்தோதியாவின் முன்னால் மண்டியிட்டார்.

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க. நிஜத்தைச் சொல்றேன், இப்பவாவது நம்புங்க. பெலிசாரியோன்னு யாருமே கிடையாது. உங்க கண்ணீரை நான் ஏமாத்தி வாங்கிட்டேன்."

குஸ்தோதியா சவப்பெட்டியிலிருந்து தலையைத் தூக்கி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். தலைவரின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. முகத்தைச் சால்வையால் அழுந்தத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது நாடகம்னு தெரியாமயா வந்தோம்? பெரியவரு வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும் நல்லா அழுங்கன்னு எர்சிலியா சொன்னதாலதான் கடையைப் போட்டுட்டு ஓடிவந்தோம். உன் வேலை நெலைச்சுதா இல்லையா, மொதல்ல அதைச் சொல்லு ராசா."